சின்ன பட்டன்

“மறுபடியும் குழாயைத் திறந்து விட்டுட்டியா? ஊருக்கெல்லாம் தண்ணியை மிச்சம் பண்ணிக் குடுக்கறேன், என் வீட்டுல ஆறு ஓடுது!” பிளம்பர் குளியலறைக் கதவைத் தட்டினார்.

“வர்றேங்க” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. குழாய் நிற்கவில்லை.

“இன்னிக்கு உங்க ஆபீஸ் டாய்லெட்டைச் சோதிக்க வர்றாங்க. நான் ஃப்ளஷ் தொட்டியெல்லாம் மாத்தின பிறகும் தண்ணி கூடுதலாப் போச்சுன்னா, பசுமைக் கட்டடம்னு சான்றிதழ் தர மாட்டாங்க. என் வேலையும் போயிடும்.”

ஈர முகத்தோடு அவள் வெளியே வந்து சிரித்தாள். “போகாது. ஃப்ளஷ்ல தண்ணி கம்மியா விடற சின்ன பட்டனையே அழுத்தணும்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், போதுமா?”

அன்று ஆபீஸில், சோதிக்க வந்த அதிகாரி தண்ணீர் மீட்டர் முன் நின்றபோது, எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பெண்கள் கழிப்பறையில் யாரோ விடாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். பிளம்பர் மாடிக்கு ஓடினார்.

பழைய தொட்டி என்றால் வெகுநேரம் இரையும். அவர் மாட்டிய புதியது சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதியில் உள்ளே இருமல் கேட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய, நிற்காத இருமல். மறுபடி தண்ணீர். மறுபடி இருமல்.

“யாரும்மா அது? என் பிழைப்புல மண்ணைப் போடாதீங்க!”

தாழ்ப்பாள் விலகியது. கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால், வெள்ளைப் பீங்கானில் ரத்தம் கழுவப்படாமல் கிடந்தது.

வீட்டுக் குழாய் தினமும் எந்தச் சத்தத்தை மறைக்க ஓடியது என்று அவருக்கு இப்போது புரிந்தது.

“சின்ன பட்டனைத்தாங்க அழுத்தினேன்” என்றாள் அவள். “போக மாட்டேங்குது.”