போத்தல்கள் பத்திரம்

மீன் ஆராய்ச்சியாளர் கதிராமத்தம்பி, மகள் பூரணத்தின் படிப்பைப் பாதியில் நிறுத்திக் கலியாணம் செய்துவைத்தார். ஊர் வழக்கப்படி நாவற்குடா வீட்டை அவளுக்கே சீதனமாகக் கொடுத்துவிட்டு, கொழும்புக்கு வேலைக்குப் போனார்.

"அப்பா, மறுபடி விஞ்ஞானம் படிக்க விரும்புகிறேன். இவரும் சம்மதிக்கிறார்" என்று பூரணம் எழுதினாள்.

"பெண்ணுக்கு எதற்கு அதெல்லாம்? சமையல் படி. அலுமாரியிலுள்ள என் மீன் போத்தல்கள் பத்திரம்" என்று பதில் வந்தது.

அதன்பின் அவளுடைய கடிதங்களிலெல்லாம் ஒரே செய்திதான்: "சமையல் படிக்கிறேன். போத்தல்கள் பத்திரமாக இருக்கின்றன."

மகள் வழிக்கு வந்துவிட்டாள் என்று அவர் மகிழ்ந்தார்.

அடுத்த ஆண்டு ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானியோடு வந்து இறங்கினார். வாவியில் தான் கண்டுபிடித்துப் போத்தலில் பதப்படுத்தி வைத்த புதுவகை மீனை அந்தத் துரை ஒருமுறை பார்த்துவிட்டால், அதற்குக் கதிராமத்தம்பியின் பெயரையே வைப்பார்கள்.

அலுமாரியைத் திறந்தார். பளபளவென்று துடைத்த போத்தல்கள் நிறையத் தேசிக்காய் ஊறுகாய்.

"என்ட மீனெல்லாம் எங்க புள்ள?"

"வாவியில கொட்டிட்டன். போத்தல் பத்திரம் எண்டுதானே எழுதினீங்க? ஒண்டும் உடையல்ல."

பூரணம் ஒரு மூடியைத் திறந்து துரையிடம் நீட்டினாள்.

"ருசி பாக்கச் சொல்லுங்க அப்பா. புடிச்சிருந்தா இதுக்கு உங்கட பேர வைக்கட்டும்."