மாசம் ஒரு சோஜு கிளாஸ்

சிமெண்ட் மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் செத்துப்போயிருந்தது. மான்சிக் இடது கையால் கள்ளிச் செடியின் தலையைத் தாங்கிப் பிடித்தபடி அறையில் உட்கார்ந்திருந்தான்.

கையை எடுத்தால் தலை விழுந்துவிடும்.

பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டையை ஒட்டுக்கட்டி வளர்த்த கள்ளி. பக்கத்து அறை டொக்பேயின் மகள் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கித் தந்தது. குளிர்காலத்துக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போன டொக்பே, அதை மான்சிக்கை நம்பி விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மான்சிக்கை நம்புவது டொக்பேக்குப் புதிதில்லை. குடித்துவிட்டுச் சாரத்திலிருந்து விழுந்தவனை மேஸ்திரி மறுபடி சேர்த்துக்கொண்டதே அவர் கொடுத்த வாக்கில்தான். இவன் ஒரு சொட்டுக் குடித்தாலும் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும்.

கதவைத் திறந்து டொக்பே வந்தார். தோள் பையைக்கூட இறக்காமல் தொட்டியின் மேல் குனிந்து முகர்ந்தார்.

"என்னடா, சாராயக்கடை மாதிரி நாறுது?"

"நீங்கதானண்ணே சொன்னீங்க. மாசம் ஒரு சோஜு கிளாஸ், அதுக்கு மேல ஊத்திடாதேன்னு."

"தண்ணிடா, எருமை. கிளாஸு அளவுக்கு."

இஞ்சோன் ஊரில் பாதிப் பேர் கள்ளிக்குத் தண்ணீரை, சோஜுச் சாராயம் குடிக்கிற அந்தக் குட்டிக் கிளாஸில்தான் அளப்பார்கள். மான்சிக்கின் அனுபவத்தில் அந்தக் கிளாஸில் தண்ணீர் இருந்ததே கிடையாது. பாலைவனத்துச் செடி, தண்ணீரைவிடச் சாராயம்தான் ஒத்துக்கொள்ளும் போல என்று நினைத்துக்கொண்டான்.

டொக்பே தரையில் சரிந்து உட்கார்ந்து சிரித்தார். சிவப்புத் தலை கழன்று மான்சிக்கின் உள்ளங்கையில் உட்கார்ந்ததும் இன்னும் சிரித்தார், கண்ணில் நீர் வர.

பிறகு சிரிப்பு நின்றது.

ஒரு பாட்டிலில் ஏழு கிளாஸ். அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"மிச்சம் எங்கடா போச்சு?"

"கக்கூஸ்ல ஊத்திட்டேண்ணே."

டொக்பே எழுந்து வந்தார். அவன் தாடையைப் பிடித்துத் தூக்கி, தொட்டியை முகர்ந்த மாதிரியே வாயை முகர்ந்தார்.

பூண்டு வாடை. வேறொன்றும் இல்லை.

ஒவ்வொரு மாதமும் ஒரு பாட்டில் வாங்கி, செடிக்கு ஒரு கிளாஸ் போக மிச்சத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கக்கூஸில் ஊற்றியிருந்தான். வாடை போகிற வரைக்கும் குழாயை மூடவில்லை. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

"சரி, வா. சாப்பிடப் போலாம்," என்று டொக்பே செருப்பை மாட்டினார்.

மான்சிக்கும் எழுந்து போனான். வாயை முகர்ந்ததற்கு டொக்பே அவனிடம் ஒரு மன்னிப்பு பாக்கி. இன்றுவரை கேட்கவில்லை.