வேலை சுத்தம்

அந்தக் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒன்பது ஸ்க்ரூ கழற்றினால் ஒன்பதையும் திரும்ப மாட்டுவான். பதினைந்து வருஷத்தில் அவன் வேலையைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, நான் கூடவே உட்கார்ந்து பார்ப்பேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் டீச்சரம்மா. "என் நாத்தனார் வீட்டுல ஒருத்தன் புது ப்ராசஸர் போடறேன்னு பழசையே துடைச்சு மாட்டிட்டுப் போயிட்டான்."

"தாராளமா பாருங்கம்மா. மடியில கனம் இருக்கிறவன்தான் பயப்படணும்."

முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் பிட்டுப் பிடித்த கண்கள் அவன் விரல்களை விட்டு நகரவில்லை. புது ப்ராசஸரின் நம்பரை டப்பாவில் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

"பத்து வருஷத்துப் பெட்டி. எதைத் தொட்டாலும் நின்னு யோசிக்குது. என் பொண்ணு இதுக்குள்ளே ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கா, அது..."

மெக்கானிக் கையை உயர்த்தினான். "உள்ளே என்ன இருக்குன்னு எனக்கு வேண்டாம்மா. அது உங்க சொந்த விஷயம். நான் யார் கம்ப்யூட்டர்லயும் எட்டிப் பார்க்கிறதே இல்லை."

டீச்சரம்மாவுக்கு அவன் மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்தது. "நீங்களாவது இப்படி இருக்கீங்களே. இந்த வீட்டுல வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்காது. எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. பேரனுக்குன்னு பீரோவுல சாக்லேட் டப்பா வச்சேன், பாதி காலி. கேட்டா எலிங்கறார். எந்த எலி காகிதத்தை உரிச்சு நாலா மடிச்சு வைக்கும்?"

எதிரே விரிந்திருந்த செய்தித்தாள் மெல்ல இறங்கியது. "எனக்கு நடக்கப் போற நேரம்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, சார் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார்.

பழியைச் சுமக்க ஒரு ஆள் தயாராக இருக்கும் வீடு என்றால் மெக்கானிக்குக்கு ரொம்பப் பிடிக்கும். வேலையில் அவன் சுத்தம். கையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் அவன் வேறு மனிதன். விசிறியைக் கழற்றி, பல வருஷத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டினான். ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும், காய்ந்து இறுகிப்போன பேஸ்ட்டைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தான். கொக்கியைத் தூக்கிப் பழைய ப்ராசஸரை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தான். புதியதன் மூலையில் இருந்த முக்கோண அடையாளத்தைப் பொருத்திப் பார்த்து, அழுத்தாமல், தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல் வைத்தான். டீச்சரம்மா சீட்டை நீட்டி நம்பரைச் சரிபார்த்தார். அதன்மேல் பட்டாணி அளவு பேஸ்ட். பின்னால் இருந்த ஏழு ஒயர்களையும் பிடுங்கிய இடத்திலேயே சொருகினான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஆராய்வதும் அவன் வழக்கமில்லை.

பட்டனை அழுத்தினான். கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் விழித்துக்கொண்டது.

"அடேயப்பா! முன்னெல்லாம் நான் காபி போட்டுக் குடிச்சுட்டு வந்தப்புறம்தான் இது முழிக்கும்!"

"இனிமேதான் முக்கியமான கட்டம்மா. ப்ராசஸர் சூடு தாங்குதான்னு பார்க்கணும். இந்த நம்பரைப் பாருங்க. எழுபதைத் தாண்டினா கத்துங்க. நான் உள்ளே போய் ஸ்விட்ச் போர்டைப் பார்த்துட்டு வர்றேன். கண்ணை எடுக்காம சத்தமா படிச்சுக்கிட்டே இருங்க."

"நாப்பத்தி ரெண்டு... நாப்பத்தி அஞ்சு..." டீச்சரம்மா கடமையே கண்ணாக ஆரம்பித்தார்.

உள் அறையில் ஈ காக்கை இல்லை. ஐம்பதில் பீரோ சாவி கிடைத்தது, எல்லா வீட்டிலும் போல் பீரோவின் மேலேயே. ஐம்பத்தாறில் இரட்டை வடச் சங்கிலி அவன் பைக்குள் போனது. பக்கத்திலேயே சாக்லேட் டப்பா. மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, காகிதத்தை அழகாக நாலாக மடித்து உள்ளே வைத்தான். பாவம் சார், இனி சாக்லேட்டோடு சங்கிலிக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அறுபத்தி ஒண்ணு... தம்பி, அப்படியே நின்னுடுச்சு!"

"அறுபத்தொண்ணுன்னா பிரமாதம்மா!" என்றபடி திரும்பி வந்தான். கூலியை வாங்கிக்கொண்டான். பழைய ப்ராசஸரை டப்பாவில் போட்டு அவரிடமே ஒப்படைத்தான்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததுமே போன் வந்தது. டீச்சரம்மா குரல் கேட்டதும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"என்னம்மா, கம்ப்யூட்டர்ல ஏதாவது குறையா?"

"உங்க வேலையில குறை சொன்னா வாய் வெந்துடும் தம்பி. பறக்குது!"

மெக்கானிக்குக்கு மூச்சு வந்தது. பதினைந்து வருஷப் பெயர் பத்திரமாக இருந்தது.

"என் பொண்ணு உள்ளே என்ன போட்டிருக்கான்னு நேத்து சொல்ல வந்தேன், நீங்கதான் விடலை" என்றார் டீச்சரம்மா.

"சாக்லேட் எலியைப் பிடிக்கத்தான் பீரோவுக்கு எதிர்ல கரடி பொம்மைக்குள்ள கேமரா வச்சுக் குடுத்தா, பழைய ப்ராசஸர்ல அது நின்னு நின்னு பதிவாகி மூணு மாசமா ஒரு விரல் கூடத் தெரியலை, இப்போ நீங்க சங்கிலி எடுத்ததுல இருந்து காகிதத்தை நாலா மடிச்சது வரைக்கும் அவ்வளவு தெளிவா இருக்குன்னு இன்ஸ்பெக்டரே அசந்துட்டார், கடையிலேயே இருங்க தம்பி, உங்களை நேர்ல பாராட்ட வந்துக்கிட்டிருக்கார்."