பாசித் திருடன்

தென்கோடிப் பனிக்கடலில் இருந்த ஒரு பெங்குவினுக்கு அந்த வெள்ளைக் கப்பலைக் கண்டாலே ஆகாது. கோடைதோறும் அது அதே இடத்தில் வந்து நிற்கும். கயிற்றில் ஒரு குடுவையை இறக்கித் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

"சும்மா பார்க்கிறதுக்கா அந்தக் கப்பல்காரன் இவ்வளவு தூரம் வர்றான்?" என்று பெங்குவின் பக்கத்தில் படுத்திருந்த கடல்நாயிடம் முணுமுணுத்தது. "தண்ணியில பச்சைப் பாசி வருஷா வருஷம் கொறையுது. அதைத் தின்னு வளர்ற கூனி இறாலும் கொறைஞ்சுபோச்சு. நம்ம வயித்துல அடிக்கிறான்."

"ஒரு குடுவைத் தண்ணி எடுத்தா கடல்ல உள்ள பாசி தீர்ந்துடுமா? எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டுப் போறாங்கப்பா," என்றது கடல்நாய்.

"அவன் பார்க்க ஆரம்பிச்ச பிறகுதானே கொறைஞ்சுது!"

கடல்நாய் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அடுத்த கோடையில் பெங்குவின் தன் கூட்டத்தையே திரட்டியது. குடுவை இறங்கியதும் எல்லாம் சேர்ந்து கயிற்றைக் கொத்தி அறுத்தன. கப்பல் திரும்பிப் போனது. மறுவருஷம் வரவே இல்லை.

பெங்குவின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடலில் குதித்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பாசியும் இல்லை, ஒரு கூனியும் இல்லை. காலி வயிற்றோடு கரையேறி, கடல்நாயின் காதருகே குனிந்தது.

"நான் சொல்லலை? இப்போ நம்ம கண்ணுல படாம வந்து எடுக்கிறான்."