கோடு வளைந்த இடம்

"அந்த லாண்டரிக்காரி இன்னும் கையெழுத்து போடலியா? நம்ம ஜனம், நம்ம பாஷை. அவளே காலை வாரினா அடுத்தவன் நம்மள எப்படி மதிப்பான்?"

சங்கத் தலைவர் போனில் பொரிந்து தள்ளினார். பஸ் டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லையே.

இவர்கள் ஜனம் இந்த ஊருக்குப் பிழைக்க வந்து முப்பது வருஷம். நகராட்சியில் ஒன்பது உறுப்பினர்கள். ஒருத்தர்கூட இவர்கள் ஆள் இல்லை. ஒன்பது பேருக்கும் ஊரே சேர்ந்து ஓட்டுப் போட்டால் கொஞ்சம் பேராக இருப்பவர்களுக்கு எங்கே இடம்? அதனால்தான் ஊரை வார்டுகளாகப் பிரித்து, இவர்கள் குடியிருக்கும் பகுதியைத் தனி வார்டாக்கச் சொல்லி மனு. நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஷிப்ட் முடிந்த கையோடு, யூனிஃபார்மிலேயே லாண்டரிக்குப் போனார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அண்ணே, மனுவோட ஒரு மேப் இருக்குல்ல? அதுல எங்க தெருவைக் காட்டுங்க."

"இதென்ன பெரிய விஷயமா?"

தினமும் பஸ் ஓட்டுகிற தெரு. மேப்பை விரித்து, விரலை வைத்துத் தேடினார். வார்டு எல்லைக்கோடு நேராக வந்து, லாண்டரி முனையில் சட்டென்று வளைந்து, தெருவை வெளியே தள்ளிவிட்டு, மறுபடி நேராகப் போனது.

வரைந்தவன் தப்பு பண்ணியிருப்பான். வாசலுக்கு வந்து தலைவருக்குப் போன் போட்டார்.

"தப்பெல்லாம் இல்லப்பா. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். கூட்டுறது, மூட்டை தூக்குறதுன்னு நேத்து வந்த கூட்டம் அது. சேர்த்தா அதுல ஒருத்தன் நின்னு ஜெயிச்சுடுவான். அப்புறம் நான் எதுக்கு நாயா அலையறேன்?"

"அவங்களும் நம்ம ஜனந்தானே சார்?"

"அதெல்லாம் அடுத்த தடவை பாத்துக்கலாம். நீ கையெழுத்தை வாங்கு."

டிரைவர் போனை வைத்தார். மனுவைக் கொடுப்பதா, கிழித்துப் போடுவதா? மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர்தான்.

உள்ளே போனார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ போட வேணாம்மா. சத்தியமா எனக்கு இது தெரியாது."

அவள் மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து இரண்டு தாள்களை உருவி நீட்டினாள். தெரு முழுக்கப் போட்ட கையெழுத்து.

"எங்க தெரு இல்லேன்னு மொத நாளே பாத்துட்டோம்ணே. உங்களுக்கும் தெரியுமான்னுதான் தெரியல, அதான் குடுக்காம வெச்சிருந்தேன். பரவால்ல, கொண்டு போங்க. நம்மள்ல யாராச்சும் ஒருத்தர் மொதல்ல உள்ள போகட்டும்."