ஆர்கிட் வைத்தியம்

"பூண்டுத் தண்ணி தெளிச்சீங்களா? இலைக்கடியில வேப்பெண்ணெய் தடவினீங்களா? மாவுப்பூச்சி வந்துடப் போகுது!"

மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த மனைவி, தினமும் ஃபோனில் ஆர்கிட்டைத்தான் விசாரித்தாள். ரிட்டையரானதிலிருந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவர், சொன்னதையெல்லாம் தவறாமல் செய்தார். இருந்தும் செடி பட்டுப்போனது. பதறிப்போய் நாலு நர்சரி ஏறி இறங்கி, அதே ஊதா நிறத்தில் ஒன்று வாங்கி வைத்தார்.

திரும்பி வந்தவள் பூவைத் தடவிப் பார்த்தாள்.

"என் கைவைத்தியம் எப்படி?"

"பிரமாதம்!" என்றவர், அப்பாடா என்று காபி போடப் போனார். ஹாலில் அவள் மகளிடம் ஃபோனில் கிசுகிசுப்பது காதில் விழுந்தது.

"வேர் அழுகின செடின்னு தெரிஞ்சுதான்டி அவர் தலையில கட்டிட்டு வந்தேன். உங்கப்பா வாசப்படி தாண்டிட்டாருடி!"