இரண்டு விரல் கிரீம்

வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான பெனிஷா, ஓசூர் கம்பெனி யார்டில் பாதுகாப்பு வார குரூப் போட்டோவுக்காக முன்வரிசையில் நின்றாள். புது வண்டிகளை நாள் முழுக்க வெயிலில் சரிபார்க்கும் வேலை அவளுக்கு.

எச்.ஆர். மேடம் பிரியதர்ஷினி முகம் சுளித்தார்.

"ஏம்மா, மூஞ்சில என்ன, சுண்ணாம்பா?"

"ஜிங்க் கிரீம் மேடம். ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து, காது கழுத்து எல்லாம் போடணும். பட்டும் படாம தேச்சா வெயில் சுட்டுடும்."

"நாங்கல்லாம் வெயில்ல நிக்கலியா? வெள்ளையாயிடலாம்னு நெனப்பு. போய்த் தொடச்சிட்டு வா."

பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. பெனிஷா குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு அழுத்திக் கழுவி வந்தாள்.

"வாயச் சுத்தி இன்னும் வெள்ளையா இருக்குது பாரு. ஒழுங்கா தொடச்சுக்க."

பெனிஷா கைக்குட்டையை அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே தொடைங்க மேடம். கிரீம் போயிடுச்சு. இது வெண்புள்ளி. வெயில் பட்டா வெந்துடும், அதுக்குத்தான் கிரீம்."

பிரியதர்ஷினியின் கை நீளவில்லை.

பெனிஷா டியூபை எடுத்து, இரண்டு விரலிலும் நீளமாகப் பிதுக்கி, காது மடல்வரை நிதானமாகப் பூசினாள். அவள் முடிக்கும்வரை மேடம் உட்பட அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள்.